கடைக் கணக்கு நிரலில் துணைச் செயற்கூறுகள்: எதைப் பிரித்தெழுதலாம், எதை விட்டுவிடலாம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் உங்கள் தந்தையாரின் மளிகைக் கடைக் கணக்கையும், பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கான மாணவர் பட்டியலையும் பைத்தான் நிரல் மொழியில் எழுதி வருகிறீர்கள். ஒரே வரிகளை நான்கு கோப்புகளில் ஒட்டி வைத்திருந்தீர்கள். எல்லாவற்றையும் செயற்கூறுகளாக, அதாவது பெயரிட்டு எங்கிருந்தும் அழைக்கக்கூடிய சிறு நிரல் துண்டுகளாக, உடைக்கும்படி ஒருவர் சொல்ல, அப்படியே உடைத்தபின் ஒற்றை வரிச் செயற்கூறுகள் ஏராளமாகச் சேர்ந்து, நிரல் முன்னைவிடக் குழப்பமாகிவிட்டது. எதைப் பிரிக்க வேண்டும், எவ்வளவு சிறியதாகப் பிரிக்க வேண்டும், பிரித்ததை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

உங்களுக்குக் கிடைத்த ஆலோசனையின் குறை, அது வரிகளை எண்ணியது என்பதுதான். ஒரு துணைச் செயற்கூறு எத்தனை வரிகளை மிச்சப்படுத்துகிறது என்பது இரண்டாம் கணக்கு. அதற்குள் எடுக்கப்பட்ட முடிவு ஒன்று இருக்கிறதா என்பதே முதற்கணக்கு. கடையின் வழக்கம், அரசின் விதி, ஒரு கோப்பின் கோணல், மொழியின் இயல்பு என்று வெளியுலகிலிருந்து வரும் ஏதோ ஒன்றைப் பற்றி நீங்கள் ஒரு தீர்மானம் எடுத்து, அது மாறும் நாளில் நிரலில் ஓரிடத்தில் மட்டும் கை வைத்தால் போதும் என்ற நிலையை உண்டாக்குமானால், அந்தச் செயற்கூறு ஒரே வரியாக இருந்தாலும் எழுதத் தகுந்தது. இரண்டு எண்களைக் கூட்டித் தரும் 'கூட்டு' என்ற செயற்கூற்றில் எந்த முடிவும் இல்லை. படிப்பவர் அதன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பியவற்றில் பாதி அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றை இருந்த இடத்துக்கே திருப்பிவிடலாம்.

முடிவு உள்ள செயற்கூற்றுக்கு உங்கள் கடையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ஒரு சென் (ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு) நாணயம் புழக்கத்திலிருந்து ஒதுக்கப்பட்டு, ரொக்கமாகக் கட்டப்படும் பில்லின் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே 0 ஆகும். 3, 4 என்றால் மேலே 5 ஆகும். 6, 7 என்றால் கீழே 5. 8, 9 என்றால் மேலே 10. உங்கள் நிரலில் இந்த விதி நான்கு இடங்களில், நான்கு விதமான 'இஃப்' நிபந்தனை ஏணிகளாக இருக்கிறது. அவற்றுள் ஒன்றில் 7 மேலே போகிறது. தொகையைச் சென் கணக்கில் முழு எண்ணாக வைத்துக்கொண்டால், இரண்டைக் கூட்டி, ஐந்தால் முழுவகுத்தல் செய்து (மீதியை விட்டு ஈவை மட்டும் எடுத்து), மீண்டும் ஐந்தால் பெருக்கினால் விதி முழுவதும் அடங்கிவிடும்: (தொகை + 2) // 5 * 5. ஒரே வரிதான், ஆனால் அதன் பொருள் எளிதில் விளங்காது, தவறாக எழுதவும் எளிது, வெளியிலிருந்து வந்த விதியும்கூட. இந்த மூன்றும் சேர்ந்த வரி கட்டாயம் பெயர் பெற வேண்டிய வரி.

வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரும்போது தொகை எதிர்மறையாகும் என்பதையும் கவனியுங்கள். பைத்தானில் முழுவகுத்தல் எப்போதும் கீழ்நோக்கி இறங்குவதால், -8 என்ற தொகைக்கு மேற்சொன்ன வரி -10 என்று சரியாகவே விடை தரும். இதே வரியைச் சி மொழியில் எழுதினால், அங்கே வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டுவதால், -5 என்று தவறான விடை வரும். இத்தகைய நுணுக்கத்தை ஒருமுறை யோசித்துத் தீர்த்துவிட்டு, பிறகு மறந்துவிடலாம் என்ற வசதியைத்தான் துணைச் செயற்கூறு நமக்குத் தருகிறது.

இதற்கு 'ரவுண்ட்' என்று பொதுப்பெயர் இடாதீர்கள். அந்தப் பெயரில் பைத்தானிலேயே ஒன்று இருக்கிறது, அதன் நடத்தையும் வேறு. ரவுண்ட்(2.5) என்று கேட்டால் 3 வராது, 2 வரும், சரிபாதியில் நிற்கும் எண்ணை அது இரட்டைப்படை எண்ணின் பக்கம் தள்ளும். 'ரொக்க_மொத்தம்_சரிசெய்' என்பது போன்ற பெயர் நீளமாகத் தோன்றலாம். ஆனால் 'ரொக்கம்', 'மொத்தம்' என்ற இரண்டு சொற்களும் அங்கே காவல் நிற்கின்றன. 2 ரிங்கிட் 3 சென் விலையுள்ள பொருள் மூன்று வாங்கினால் மொத்தம் 6.09, சரிசெய்தால் 6.10. பொருளுக்குப் பொருள் சரிசெய்தால் 2.05 மும்முறை சேர்ந்து 6.15 ஆகி, வாங்குபவருக்கு ஐந்து சென் நட்டம். பெயரில் 'மொத்தம்' என்றிருந்தால், இதை ஒவ்வொரு பொருளின் வரியிலும் அழைக்கப் போகிறவர் ஒரு கணம் தயங்குவார்.

நீங்கள் எழுதியிருந்த வடிவில், அட்டையில் கட்டுகிறார்களா என்று கேட்கும் உண்மை/பொய் அளபுரு (அழைக்கும்போது செயற்கூற்றுக்குக் கொடுக்கும் மதிப்பு) ஒன்றும் இருந்தது. அதை எடுத்துவிடுங்கள். 'சரிசெய்(609, பொய்)' என்று ஒரு வரியை ஆறு மாதம் கழித்துப் படித்தால் அந்தப் பொய் எதைப் பொய் என்கிறது என்று உங்களுக்கே தெரியாது. அட்டையா ரொக்கமா என்ற கேள்வி கல்லாவில் எழும் கேள்வி. அதை அங்கேயே ஓர் 'இஃப்' கேட்கட்டும், ரொக்கம் என்றால் மட்டும் இந்தச் செயற்கூற்றை அழைக்கட்டும். ஒரு செயற்கூற்றுக்கு இப்படி இரண்டு முகம் கொடுக்கும் அளபுரு வந்துவிட்டால், பெரும்பாலும் அங்கே இரண்டு செயற்கூறுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும்.

தொகையைச் சென்னாக மாற்றும் இடத்தையும் தனியே பிரிக்க வேண்டும், ஏனெனில் அங்கேதான் உங்கள் மாதக்கடைசிக் கணக்கில் ஒரு சென், இரண்டு சென் காணாமல் போகிறது. கணினி 4.35 என்ற எண்ணை இரும முறையில் துல்லியமாக வைத்திருக்க முடியாது, அதனால் 4.35 * 100 என்பதன் விடை பைத்தானில் 434.99999999999994, அதை முழு எண்ணாக வெட்டினால் 434. விலைப்பட்டியலிலிருந்து வரும் எழுத்துச் சரத்தை இரும முறையில் வைக்கப்படும் மிதப்புப் புள்ளி எண்ணாக மாற்றாமல், நேரே பதின்ம முறையில் கணக்கிடும் டெசிமல் வகைக்குக் கொடுத்து, நூறால் பெருக்கி, முழு எண்ணாக்குங்கள். 'ரிங்கிட்_எழுத்திலிருந்து_சென்' என்று ஒரு நுழைவாயில், பில்லில் அச்சிடும்போது 'சென்னிலிருந்து_எழுத்து' என்று ஒரு வெளிவாயில். இடையில் உள்ள நிரல் முழுவதும் முழு எண்களில் மட்டுமே பேசட்டும். நான் தோட்டப்புறக் கடைகளுக்கு எழுதிக் கொடுக்கும் நிரல்களில் வேறெந்தச் செயற்கூறு இல்லாவிட்டாலும் இந்த இரண்டும் இருக்கும்.

அடுத்தது பள்ளிப் பட்டியல். மலேசிய அடையாள அட்டை எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடக் குறியீடு (பேராவுக்கு 08), மீதி நான்கு, கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஒரு பெற்றோர் கோடு போட்டு எழுதுகிறார், இன்னொருவர் இடம் விட்டு எழுதுகிறார், மூன்றாமவர் சேர்த்தே எழுதுகிறார். அதைவிடப் பெரிய தொல்லை விரிதாளில் இருக்கிறது: கோடில்லாமல் தட்டினால் அது எண் என்று கருதி முன்னே உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். 2005இல் பிறந்தவருக்கு ஒரு பூஜ்யம் போகும். 2000ஆம் ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களில் பிறந்தவருக்கு மூன்று போய், ஒன்பது இலக்கங்களே மிஞ்சும். உங்கள் பட்டியலில் முன்னாள் மாணவர் சிலரின் எண் 'தவறு' என்று காட்டுவதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரே செயற்கூறு போதாது என்பது என் கருத்து. கோட்டையும் இடைவெளியையும் நீக்கி, பன்னிரண்டு இலக்கம் இருக்கிறதா, முதல் ஆறு இலக்கம் உண்மையான தேதியா என்று பார்ப்பது ஒரு வேலை. 050231 என்று தொடங்கினால் பிப்ரவரிக்கு 31 கிடையாது என்று அது மறுக்க வேண்டும். விழுங்கப்பட்ட பூஜ்யங்களை மீட்டு நிரப்புவது வேறு வேலை, அது ஓர் ஊகமும்கூட. விரிதாளிலிருந்து எண் வடிவில் வந்தது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் அந்த ஊகம் செல்லும். கையால் தட்டச்சு செய்யப்பட்ட படிவத்தில் பதினோரு இலக்கம் வந்தால், யாரோ நடுவில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டார் என்பதே பொருள். அங்கேயும் முன்னால் பூஜ்யம் போட்டு நிரப்பினால், வேறொருவரின் எண்ணை நீங்களே உற்பத்தி செய்தவர் ஆவீர்கள். ஆகையால் நிரப்பும் செயற்கூறு கோப்பைப் படிக்கும் பகுதியோடு இருக்கட்டும். சரிபார்க்கும் செயற்கூறு எந்த ஊகமும் செய்யாமல் கண்டிப்பாக இருக்கட்டும்.

தவறான எண் வந்தால் என்ன செய்வது என்பதிலும் ஒரு முடிவு வேண்டும். நீங்கள் எழுதியது, தவறு நேர்ந்தால் வெற்றுச் சரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது மரியாதையாகத் தோன்றினாலும், அந்த வெற்றுச் சரம் பட்டியலுக்குள் நுழைந்து, அச்சாகி, கூட்டத்தில் விநியோகிக்கப்பட்ட பிறகுதான் யாருக்காவது தெரியவரும். சிறு செயற்கூறு தன்னால் முடியாததைத் தன்னால் முடியாது என்று உடனே சொல்லிவிட வேண்டும்: மதிப்பு பொருந்தவில்லை என்று அறிவிக்கும் பைத்தானின் வேல்யூஎரர் பிழையை எழுப்பி, எந்த மதிப்பு, ஏன் பொருந்தவில்லை என்பதை அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பிழையைப் பிடித்து, வரிசை எண்ணோடு தனித்தாளில் குறித்துக்கொண்டு மேலே செல்வதா, வேலையையே நிறுத்துவதா என்பதைப் பட்டியலை நடத்தும் பெரிய செயற்கூறு தீர்மானிக்கும்.

வயது கணக்கிடும் செயற்கூற்றுக்குள் நீங்கள் இன்றைய தேதியை நேரடியாகக் கணினியிடம் கேட்கிறீர்கள். அதை அளபுருவாக வெளியிலிருந்து கொடுங்கள். காரணம் இரண்டு. ஆண்டுக்கு இரண்டே இலக்கங்கள் இருப்பதால், 15 என்பது 1915ஆ 2015ஆ என்பதை ஏதோ ஒரு தேதியை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும், அந்தத் தேதி எது என்பது வெளிப்படையாக இருப்பது நல்லது. மற்றொன்று, உள்ளே கடிகாரத்தைப் பார்க்கும் செயற்கூறு இன்று ஒரு விடையும் நாளை வேறு விடையும் தரும். அதைச் சோதித்துப் பார்ப்பது கடினம். கோப்பு, கடிகாரம், திரை, வலை ஆகிய நான்கையும் தொடாமல், கொடுத்ததை வைத்து விடை மட்டும் தரும் செயற்கூறுகளே எந்த நிரலுக்கும் தூக்கிச் செல்லத் தக்கவை. சோதனைக்கென்று பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பணத்தைச் சரிசெய்யும் செயற்கூற்றுக்கு 0 முதல் 9 வரையான கடைசி இலக்கங்களுக்குப் பத்து அசர்ட் வரிகள் (விடை பொருந்தாவிட்டால் நிரலை நிறுத்திப் பிழை காட்டும் வரிகள்) எழுதினால் விதி முழுவதும் சோதிக்கப்பட்டுவிடும். அடையாள அட்டைச் சோதனைக்கு மட்டும் பிள்ளைகளின் உண்மையான எண்களைப் பயன்படுத்தாதீர்கள். கோப்பை யாருக்காவது அனுப்பும்போது அந்த எண்களும் உடன் போய்விடும். கற்பனை எண்கள் போதும்.

இனி, பிரிக்கக் கூடாத ஒன்று. மாணவர் பெயரைச் சீராக்கும் வரிகளும் கடை வாடிக்கையாளர் பெயரைச் சீராக்கும் வரிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதால் அவற்றை ஒரே செயற்கூறாக்கியிருக்கிறீர்கள். இன்று அவை ஒன்றுபோல் இருப்பது தற்செயல். மாணவர் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே, இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' இடம் மாறாமல் இருக்க வேண்டும். சொற்களை இடைவெளியில் வெட்டி முதல் எழுத்தை மட்டும் பெரியதாக்கும் உங்கள் வரி, அந்தக் கோட்டுக்கு அடுத்த எழுத்தைச் சிறியதாக்கிவிடுகிறது. கடைப் பற்று நோட்டில் உள்ள பெயரோ 'மேல் லயம் முனியம்மா', 'லாரி ராஜு' என்று கல்லாவில் இருப்பவருக்கு அடையாளம் தெரிந்தால் போதும். பள்ளி கேட்கும் மாற்றம் கடையில் வேண்டாம், கடை கேட்கும் மாற்றம் பள்ளியில் ஆகாது. ஒரே செயற்கூற்றில் கட்டினால், நாளடைவில் 'பள்ளியா?' என்று கேட்கும் அளபுரு ஒன்று முளைக்கும். அதன் முடிவு மேலே பார்த்ததுதான். ஒன்றுபோல் தெரியும் இரண்டு துண்டுகளைக் கண்டதும் சேர்த்துவிடாமல், மூன்றாவது துண்டு வரும்வரை பொறுத்திருந்து, மூன்றும் ஒரே காரணத்துக்காக மாறுகின்றனவா என்று பார்த்துச் சேர்ப்பது அனுபவசாலிகள் பலர் பின்பற்றும் வழக்கம். தவறாகச் சேர்த்ததைப் பிரிப்பது, சேர்க்காமல் விட்டதைச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு சிரமம்.

ஒரு பொறியை மட்டும் வழியில் சொல்லிவிடுகிறேன். பற்றுகளைச் சேர்க்கும் செயற்கூற்றில் ஓர் அளபுருவுக்கு இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலைக் கொடுத்திருக்கிறீர்கள். பைத்தான் அந்தப் பட்டியலைச் செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒருமுறை மட்டுமே உருவாக்கி, ஒவ்வோர் அழைப்பிலும் அதையே நீட்டும்; ஆகவே ஒருவருடைய பற்று அடுத்தவர் பெயரில் தொற்றிக்கொள்ளும். இயல்பு மதிப்பாக, எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் 'நன்' (None) வைத்து, உள்ளே புதிய பட்டியல் உருவாக்குங்கள்.

மொழியே தருவதை மீண்டும் எழுத வேண்டாம். இடதுபுறம் பூஜ்யம் நிரப்ப நீங்கள் எழுதிய சுற்று, சரங்களுக்கு ஏற்கெனவே உள்ள இசட்ஃபில். யார் எத்தனை முறை வாங்கினார் என்று எண்ண கவுண்டர் இருக்கிறது. காற்புள்ளியில் வெட்டிக் கோப்பைப் படிக்க முயலாமல், சிஎஸ்வி தொகுதியைப் பயன்படுத்துங்கள், மேற்கோள் குறிக்குள் வரும் காற்புள்ளியை அது கவனித்துக்கொள்ளும். இதன் மறுபக்கமாக, ஒவ்வொரு சிறு தேவைக்கும் வெளியார் தொகுப்பு ஒன்றை இறக்குவதும் வேண்டாம். 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகில், சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பும் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரித் தொகுப்பை அதை எழுதியவர், தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட, அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற நிரல்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. அடுத்த ஆண்டு வந்த மொழித் தரத்திலேயே அதே வேலைக்கு ஒரு வசதி சேர்க்கப்பட்டது. பதினொரு வரியை நாமே எழுதிக்கொள்ளலாம். தேதிக் கணிதத்தையோ குறியாக்கத்தையோ நாமே எழுதக் கூடாது. எல்லைக்கோடு அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். 'பொது' என்று ஒரு கோப்பு வேண்டாம். அந்தப் பெயர் எதையும் மறுக்காது, ஓராண்டில் அது நிரம்பி வழியும். பணம், அடையாள அட்டை, பெயர் என்று பொருளை வைத்து மூன்று சிறு கோப்புகள் வையுங்கள். புதிதாக எழுதும் ஒன்று இம்மூன்றில் எதிலும் அடங்காவிட்டால், அது துணைச் செயற்கூறாக வேண்டியதுதானா என்று யோசிக்கவும் அது வாய்ப்பாகும். ஒவ்வொன்றின் தலையிலும் என்ன வாங்கும், என்ன தரும், எப்போது மறுக்கும் என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். இது இன்று நேற்றுப் பிறந்த பழக்கம் இல்லை. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு டேவிட் வீலரும் உடன் பணியாற்றியவர்களும் துணை நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் தனித்தனியே பதிந்து ஒரு நூலகமாகச் சேர்த்தார்கள். உள்ளே இருப்பதை அறியாதவரும் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதுவதே அவ்வேலையில் மிகக் கடினமான பகுதியாக இருக்கலாம் என்று வீலர் 1952இலேயே குறிப்பிட்டார். உங்கள் தந்தையார் ஒரு நாள் கோப்பைத் திறந்து பார்க்கக்கூடும் என்று எண்ணி எழுதினால் அந்த விளக்கம் தானாகவே தெளிவாகும். பெயர்களைத் தமிழில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பைத்தான் 3 அதை ஏற்கும், நீங்கள் மட்டுமே பராமரிக்கும் நிரலில் தாராளமாக வைக்கலாம்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றிய உங்கள் கடைசிச் சிக்கலுக்கு இரண்டு செயற்கூறுகள் உதவும், மூன்றாவது உதவாது. 'கொ' போன்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதிக்கலாம், எகரக் குறி, துணைக்கால் என இரண்டு குறியீடுகளாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு 'கோமதி'களை உங்கள் நிரல் வெவ்வேறு ஆட்களாக எண்ணுவது இதனால்தான். யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் வழியாக, எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான குறியீட்டு வடிவுக்கு மாற்றித் தரும் ஒரு வரிச் செயற்கூறு எழுதி, பெயர் உள்ளே நுழையும் இடத்திலேயே அழையுங்கள். அடுத்து, 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது, ஏனெனில் அது இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. யூனிகோட் வகை 'எம்' என்று தொடங்கும் குறிகளைத் தவிர்த்து எண்ணினால் 3 வரும். 'க்ஷ', 'ஸ்ரீ' ஆகியவற்றை இந்த எளிய முறை இரண்டாக எண்ணும் என்பதை விளக்கத்தில் எழுதிவிடுங்கள். ஓப்பன்-தமிழ் தொகுப்பிலும் எழுத்துகளைப் பிரித்துத் தரும் செயற்கூறு இருக்கிறது; இவ்விரண்டையும் அது எப்படி எண்ணுகிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆனால் இந்த எழுத்தெண்ணிக்கையை வைத்து இடைவெளி நிரப்பி, அச்சில் பத்திகளை நேராக நிறுத்த முயல்கிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையவை அல்ல. 'ர' எடுக்கும் இடத்தைப்போல இரு மடங்குக்கு மேல் 'ணை' எடுக்கும், எழுத்துருவுக்கு எழுத்துரு அதுவும் மாறும். எத்தனை செயற்கூறு எழுதினாலும் அந்தப் பத்தி நேராக நிற்காது. பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக எழுதி, விரிதாளில் திறந்து அச்சிடுங்கள்; எழுதும்போது குறியாக்கத்தை 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் எக்செல் தமிழைக் குழப்பமில்லாமல் காட்டும். திறந்து பார்த்த அந்தக் கோப்பை எக்செலிலேயே மீண்டும் சேமிக்க வேண்டாம். கோடில்லாத அடையாள அட்டை எண்களின் பூஜ்யங்கள் திறக்கும்போதே திரையில் மறைந்துவிடும், சேமித்தால் கோப்பிலிருந்தும் போய்விடும். ஆகவே அச்சுக்குப் போகும் எண்களைக் கோடு போட்டே எழுதுங்கள்.